ராக்கியண்ணன் வீட்டு ஒறம்பரை

அன்றைக்குக் கருக்கன்பள்ளத்துக் காட்டு ஓரத்தில் வேலைக்கு வந்திருந்தவர்கள் மொத்தம் பதினொரு பேர்: கணக்கு எழுதும் ராக்கியண்ணன், ஐந்து வருஷத்துக்கு முன்னால் புருஷனை யானைக்குப் பறிகொடுத்த வேலாத்தா, மாரக்கா, மாரக்காவின் புருஷன் நஞ்சன், நஞ்சனின் தம்பிகளான கெம்பனும் சடையனும், பொம்மி, பொம்மியின் நாத்தனார் துளசி, காட்டில் புல் இல்லாமல் போனதால் ஆடுகளை விற்றுவிட்ட கோவிந்தய்யன், எட்டு மணிப் பேருந்தை விட்டுவிட்டதால் அந்த ஒரு நாள் மட்டும் வந்த மாரக்காவின் உறவுக்காரர் ஒருவர், எல்லாரையும் வேலை வாங்க வந்த வனக்காப்பாளர் ஜெபராஜ். அந்த உறவுக்காரரின் பெயரைக் கேட்க ராக்கியண்ணனுக்குக் கூச்சமாக இருந்ததால் நோட்டில் ‘ஒருவர்’ என்று மட்டும் இருக்கிறது. துளசியின் பின்னாலேயே வந்த நாயைச் சேர்க்கவில்லை.

அகற்ற வேண்டியது காட்டை மூடிக்கொண்டிருந்த மஞ்சக்கொன்றை மரம். மணிக்கட்டை விடத் தடித்த மரத்தை வெட்டக் கூடாது, வெட்டினால் அந்த ஒரு அடிமரத்திலிருந்து பத்துத் துளிர் கிளம்பும், அதனால் தூரிலிருந்து நெஞ்சு உயரம் வரைக்கும் பட்டையை உரித்து நின்ற நிலையிலேயே காய விட வேண்டும். மணிக்கட்டை விடச் சிறுத்த கன்றை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, பாறை மேல் தலைகீழாக வைக்க வேண்டும், வேரில் ஒரு பிடி மண் ஒட்டியிருந்தாலும் போட்ட இடத்திலேயே பிழைத்துக்கொள்ளும். காலையில் மரம் உரித்தார்கள், மத்தியானத்துக்கு மேல் கன்று பிடுங்கினார்கள். ராக்கியண்ணனுக்கு அறுபத்தெட்டு வயது, ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது, ஆனால் எண்ணிக்கை பிசகாது. பத்துக் கன்றுக்கு ஒரு கூழாங்கல் என்று மடியில் போட்டுக்கொண்டே வந்து, பொழுது சாயும்போது கற்களை எண்ணி நோட்டில் ஏற்றுவார். முதல் நாள் இருபத்தொரு கல், மேற்கொண்டு இரண்டு கன்று. இருநூற்றுப் பன்னிரண்டு.

அன்று சாயங்காலம் மாடுகள் ஊருக்குள் திரும்பி முடித்த பிறகு, அதே தடத்தில், மாடுகள் கிளப்பிய அதே புழுதி அடங்குவதற்குள், இருநூற்றுப் பன்னிரண்டு கன்றுகளும் பாறையில் நிமிர்ந்து எழுந்து, வேரை ஊன்றி நடந்து கீழே இறங்கி வந்தன. அவற்றுக்கு அவசரம் ஒன்றும் இல்லை. கோயிலை வலமாகச் சுற்றின, பால் சொசைட்டி முன்னால் கேன் வண்டி திரும்புகிற வரைக்கும் ஒதுங்கி நின்றன, யார் வீட்டு வாசலிலும் தலை நீட்டிப் பார்க்கவில்லை, தெருவின் கடைசி வீடான ராக்கியண்ணன் வீட்டு முன்னால் வந்து வாடிய இலைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன.

எதிர் வீட்டு மாரக்கா இடுப்பில் குடத்தோடு பார்த்தாள். “என்னுங்கண்ணா, உங்க ஊட்டுக்கு ஒறம்பரை வந்திருக்குதாட்ட இருக்குது. இத்தனை சனமா? தண்ணி கிண்ணி குடுத்தீங்களா?”

“தண்ணி குடுத்தா பொழச்சுக்குமே, அறிவு கெட்டவளே,” என்றான் உள்ளிருந்து நஞ்சன்.

விருந்தாளியாக வரும் சொந்தக்காரர்களை அந்தப் பக்கத்தில் ஒறம்பரை என்பார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயர் நின்றுவிட்டது.

ஊர் இதற்குப் பழகிக்கொள்ள நான்கு நாள் பிடித்தது. ஐந்தரை மணிக்கு மேல் தெருவில் மிளகாய் காயப் போடுவதில்லை என்று முடிவானது. சைக்கிள்காரர்கள் இடது பக்கம் ஒதுங்குவது என்றும், கன்றுகள் கடக்கும்போது பேருந்து கோயில் முக்கில் நிற்பது என்றும், கைக்குழந்தைகளுக்கு அந்த நேரத்தில் சோறு ஊட்டினால் வேடிக்கை பார்த்துக்கொண்டே சாப்பிட்டுவிடுகின்றன என்றும் ஆனது. பிடுங்கியதை ஏற்றிப்போக வண்டி கேட்டிருந்த ஜெபராஜ் தன் மேலதிகாரிக்கு, வண்டி தேவைப்படவில்லை, அவை தாமாகவே அப்புறப்படுகின்றன என்று எழுதிப் போட்டார். நல்லது என்று பதில் வந்தது. மாரக்கா அவரைக்காய்ப் பந்தலுக்குக் குச்சி வேண்டும் என்று அறுபது கன்றுகளை இரவல் வாங்கிப்போய் நட்டு, காய்க்கத் தொடங்கியிருந்த கொடியை அதில் ஏற்றிவிட்டாள். மறுநாள் சாயங்காலம் அறுபதும் அவரைக் கொடியோடு தெருவைத் தாண்டித் திரும்பி வந்துவிட்டன, அவள் பத்து நாள் எதிர் வீட்டுக்குப் போய்க் காய் பறித்தாள். பெரிய மரங்களைப் பற்றித்தான் கொஞ்சம் கவலை இருந்தது. பட்டை உரித்தவை காட்டில் நின்ற இடத்திலேயே நின்றன, முழுக்கக் காய இரண்டு வருஷம் ஆகும், காய்ந்த பிறகு அவையும் கிளம்பினால் தெரு அகலம் போதுமா, மின்கம்பியை உயர்த்தச் சொல்லி மனுக் கொடுக்கலாமா என்று ஊர்க் கூட்டத்தில் பேசி, இரண்டு வருஷம் கழித்துப் பேசலாம் என்று ஒத்திவைத்தார்கள்.

ஏன் நடக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை. ஏன் ராக்கியண்ணன் வீட்டுக்கு மட்டும் என்றுதான் கேட்டார்கள்.

“ஏன் அண்ணாச்சி, நானும் இங்கனதான் இருக்கேன், நாந்தான புடுங்கச் சொல்லுதேன், எங்கிட்ட ஒண்ணு கூட வரமாட்டேங்கு?” என்றார் தெற்கத்திக்காரரான ஜெபராஜ்.

“எண்ணுறவரு பொறவாலதான் போகும். எங்க ஆடுக அப்படித்தான்,” என்றார் கோவிந்தய்யன். ஊர் அதை ஏற்றுக்கொண்டது. ராக்கியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு நோட்டில் கோடு போட்டார்.

அவருக்குக் காரணம் தெரியும். முப்பத்துநான்கு வருஷத்துக்கு முன்னால், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்றங்காலில் அவர் தண்ணீர் ஊற்றும் வேலையில் இருந்தபோது, எங்கிருந்தோ வந்த மரம் ஒன்று வேலிக்குள் பூத்து நின்றது. குணம் தெரியாத மரம், விதை வெளியே போகக் கூடாது என்று எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொல்லியிருந்தார்கள். அந்த வருஷம் வெயில் முந்திக்கொண்டு ஊர்ச் சரக்கொன்றைகள் பங்குனியிலேயே பூ உதிர்த்துவிட, சித்திரை முதல் நாள் கனி காண வைக்க ஒரு கொத்துக் கொன்றை கூட இல்லாமல் கோயிலில் வெறும் தட்டை வைத்துக் கும்பிட்டார்கள். இதுவும் மஞ்சள்தான், இதுவும் கொத்துத்தான், இது நம் கொன்றைக்குத் தங்கச்சியாகத்தான் இருக்கும், அம்மனுக்கு இனிமேல் பூவுக்குப் பஞ்சம் வராது என்று நினைத்துக்கொண்டு, அவர் துண்டு முனையில் நாற்பது விதையை முடிந்துகொண்டு வந்து, யாரும் பார்க்காமல் காட்டு ஓரத்தில் விரல் ஆழத்துக்கு ஊன்றினார். நாற்பதில் முப்பத்தொன்று முளைத்தது. அன்றைக்கும் எண்ணித்தான் வைத்தார்.

முப்பத்தொன்று என்னவெல்லாம் ஆனது என்பதற்கு மட்டும் அவரிடம் கணக்கு இல்லை. அதன் அடியில் புல் செத்தது. புல் செத்ததால் மான் போனது, மாடு மெலிந்தது, கோவிந்தய்யன் ஆடுகளை விற்றார். ஓடைக்குப் போகும் தடத்தின் இரண்டு பக்கமும் கன்றுகள் சீப்புப் பல் போல நெருங்கி எழுந்தன. அந்தத் தடத்தில்தான் ஐந்து வருஷத்துக்கு முன்னால், காலை பத்து மணி வெளிச்சத்தில், வேலாத்தாவின் புருஷன் சுப்பணன் தலையில் மூங்கிலோடு வந்தபோது பத்தடி தூரத்தில் நின்ற யானையை அவன் பார்க்கவில்லை, யானையும் அவனைப் பார்க்கவில்லை, இருவரும் ஒரே நேரத்தில் திடுக்கிட்டார்கள்.

வேலாத்தா ஒருத்தியே ஒரு நாளைக்கு நாற்பது கன்று பிடுங்குவாள். ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் பற்றி, குதிகாலை ஊன்றி, “உன்னைய இங்க கொண்டாந்து வெச்ச கை…” என்று சொல்லி இழுப்பாள். கை என்ன ஆக வேண்டும் என்று சொல்ல மாட்டாள், அதற்குள் வேர் வந்துவிடும். ராக்கியண்ணன் பக்கத்தில் நின்று எண்ணுவார். ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்பார்.

பன்னிரண்டு வேலை நாளில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு கன்றுகள் சேர்ந்தன. மனைவி இறந்து, மகள் திருப்பூரில் இருக்க, தனியாக இருந்த ராக்கியண்ணன் தினமும் அவற்றை வீட்டுக்குப் பின்னால் இருந்த பாறைக் களத்துக்குக் கொண்டுபோய், பத்துப் பத்தாகக் கயிற்றில் கட்டி, வேர் வானத்தைப் பார்க்க நிறுத்தி, எண்ணி முடித்த பிறகுதான் உலையில் அரிசி போட்டார். மண்ணில் நிற்க விட்டால் மூன்றாம் நாள் வேர் பிடித்துவிடும். அப்படி நான்கு பிடித்து, வாசலிலேயே மறுபடி பிடுங்கினார்.

மூன்றாவது வாரம் திங்கட்கிழமை ஓடைத்தடத்தில் இறங்கினார்கள். அன்று பிடுங்கியது நூற்று எண்பத்தெட்டு. வீட்டுக்கு வந்தது நூற்று எழுபத்தொன்று.

மூன்று முறை எண்ணினார். பதினேழு குறைந்தது. தெருவில் இறங்கிப் பார்த்தபோது, புழுதியில் வேர் இழுத்த தடங்களில் கொஞ்சம் மட்டும் பால் சொசைட்டிக்கு முந்தின சந்தில் பிரிந்து போயிருந்தன. அவர் அதைப் பிடித்துக்கொண்டே போனார். வேலாத்தா வீட்டு வாசலில், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், பதினேழு கன்றுகள் மற்றவற்றைப் போலவே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. வீடு பூட்டியிருந்தது. அவள் பால் ஊற்றப் போயிருந்தாள், திரும்ப ஒரு மணி நேரம் ஆகும்.

ராக்கியண்ணனுக்கு நின்ற இடத்திலேயே ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது, அதை அவர் மறந்திருந்தார் என்பதே அப்போதுதான் தெரிந்தது. கல்யாணமான புதுசில் சுப்பணன் காட்டு ஓரத்தில் அவரை வழிமறித்து, “அண்ணா, இந்த மஞ்சப் பூ எங்க ஊட்டு அம்மிணிக்குப் புடிச்சிருக்குதுங். அது தண்ணிக்குப் போற தடத்துல ரெண்டு நட்டு உடலாம்னு இருக்கறேன். நல்லா வருமுங்களா?” என்று கேட்டான். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த நெற்றுகளை மிதித்து, உள்ளங்கை நிறைய விதை அள்ளிக் கொடுத்தவர் ராக்கியண்ணன்தான். “நல்லா வரும்,” என்றும் சொன்னார். வாழ்நாளில் எண்ணாமல் கொடுத்தது அது ஒன்றுதான்.

கன்றுகள் நட்டவர் வீட்டைத் தேடித்தான் வருகின்றன என்றால், அந்தப் பத்தடியை மறைத்தது சுப்பணன் தன் கையால், பெண்டாட்டி பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று நட்டது. அவள் தினம் நாற்பது முறை சபிக்க வருகிற கை அவனுடையது. பால் ஊற்றிவிட்டு வருகிறவள் வாசலைப் பார்த்தால், எண்ணாத வீட்டுக்கு இவை ஏன் வந்தன என்று யோசித்து அதைத் தெரிந்துகொள்வாள்.

வாங்க என்று கூப்பிட்டுப் பார்த்தார், கன்றுகள் அசையவில்லை. கட்டுக் கட்டித் தலையில் வைத்து இரண்டு நடையாகச் சுமந்து தன் களத்தில் சேர்த்துவிட்டு, திரும்பி வந்து வேர் இழுத்த தடத்தைத் தென்னந்துடைப்பத்தால் கூட்டி அழித்தார். நோட்டில் நூற்று எண்பத்தெட்டு என்று எழுதினார். பிடுங்கியது அதுதான், ஆனால் அந்தக் கட்டம் வீட்டுக்கு வந்ததை எழுதும் கட்டம்.

செவ்வாய்க்கிழமை அவள் வாசலில் இருபத்துமூன்று. புதன் பத்தொன்பது. வியாழன் இருபத்தொன்று. தினமும் அவள் கேனைத் தூக்கிக்கொண்டு சந்து திரும்பும் வரை கோயில் தூணுக்குப் பின்னால் நின்று, பிறகு ஓடிச் சுமந்து, கூட்டி, பொய்யை எழுதினார். பிடரி வலித்தது. நல்லது செய்கிறோம் என்று அவருக்கு ஒரு நிமிஷம் கூடத் தோன்றவில்லை. திருடியதை மறைக்க இன்னொன்றைத் திருடுவது போலத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஓடைக்கரையில் சோறு தின்றுகொண்டிருந்தபோது வேலாத்தா சொன்னாள்: “ஏனுங்கண்ணா, எங்க வாசல்ல நாலு நாளாக் கொன்றை வாசம் அடிக்குதுங். இந்தச் சனியன் எனக்கும் பொறவாலயே வருதாட்ட இருக்குது.”

ராக்கியண்ணன் கையிலிருந்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு எழுந்து நின்றார். கூட்டத்தில் அவர் எழுந்து நின்று யாரும் பார்த்ததில்லை. “நான்தான் வெச்சது,” என்றார். “நாப்பது விதை. வெளிய கொண்டுட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னாங்க, நான் கொண்டாந்தேன். இந்தக் காட்டுல நிக்கறது அத்தனையும் என்னுது. ஓடைத்தடத்துலதும் என்னுதுதான். வேற ஒருத்தரும் ஒண்ணு வெக்கலை.”

“அதான பாத்தேன்,” என்றாள் மாரக்கா, “சும்மா எண்ணுறவரு பொறவால எந்த ஒறம்பரையாவது வருமா?”

“வாய மூடு,” என்றான் நஞ்சன்.

கோவிந்தய்யன் அவரை ஏறிட்டுப் பார்த்து, “எங்கிட்ட நாப்பத்தாறு ஆடு இருந்துது, ராக்கியண்ணா,” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். வேலாத்தா எழுந்துபோய், அன்றைக்கு வேலை முடிகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் கன்று பிடுங்கினாள். அறுபத்திரண்டு பிடுங்கினாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வராதது, நாற்பது முறை வந்ததை விட அவருக்குக் கனமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அவள் வாசலுக்கு வந்தவை பதினான்கு. எல்லாம் என்னுடையது என்று சொல்லிவிட்ட பிறகு அவற்றை அங்கே விட்டுவைக்க முடியாது. சுமந்தார். கூட்டினார்.

சனிக்கிழமை ஜெபராஜைப் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டதால் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது வேலாத்தா களத்துக்கு வந்து நின்றாள். தலைகீழாய் நின்ற கட்டுகளைச் சுற்றிப் பார்த்தாள்.

“நோட்டைக் காட்டுங்கண்ணா. ஓடைத்தடத்துப் பக்கம்.”

காட்டினார். அவள் விரலை வைத்து ஐந்து வரியையும் மெல்லப் படித்தாள்.

“புடுங்குனது அத்தனையும் உங்க ஊட்டுக்கே வந்துதுங்களா?”

“வந்துது அம்மிணி.”

“எங்க வாசலை யாரு கூட்டுனது?”

அவர் நோட்டை மூடினார்.

“நான் கூட்டுனா துடைப்பக் கோடு வளைஞ்சு வளைஞ்சு இருக்கும். அஞ்சு நாளா நோட்டுல கோடு போட்டாப்புல நேரா இருக்குது. இந்த ஊருல நேராக் கூட்டறது நீங்க ஒருத்தருதான்.” அவள் குரல் ஏறவில்லை. “அவரு வெச்சாருன்னு எனக்குத் தெரியாதுங்களா? தண்ணிக்குப் போறப்ப ஒரு நாள் இந்தப் பூ நல்லா இருக்குதுன்னு நான்தான் சொன்னேன். மக்யா நாள் முழங்கை வரைக்கும் மண்ணோட வந்து நின்னாரு. முப்பது வருசமா அந்தத் தடத்துல நடந்திருக்கறேன். அவரு போன பொறவும் நடந்திருக்கறேன்.”

“நீ அதைத் தெரிஞ்சுக்க வேண்டாம்னுதான்…”

“நீங்க யாருங்கண்ணா வேண்டாம்னு சொல்றதுக்கு?” என்றாள். “ஒரு தோடு வாங்கித் தந்ததில்லை, ஒரு சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனதில்லை. எனக்குன்னு அந்த மனுசன் செஞ்சது அது ஒண்ணுதான். அதே அவரைக் கொன்னுருச்சு. ஆனாலும் அது எனக்குன்னு வெச்சது. அதையும் சேத்து உங்களுதுன்னு கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லிட்டீங்க. எனக்கு என்னுங் மிச்சம்?”

ராக்கியண்ணன் பாறையில் உட்கார்ந்துவிட்டார். முப்பத்துநான்கு வருஷம் சொல்லாமல் இருந்தது ஒரு குற்றம், சொன்னபோது கூட்டிச் சொன்னது இன்னொன்று; பெரிய மனசு என்று நினைத்து அவர் தலையில் சுமந்துவந்ததெல்லாம் அடுத்த வீட்டுப் பொருள்.

“எத்தனைங்?”

“தொண்ணூத்தி நாலு,” என்றார். அந்த எண்ணை அவர் எங்கும் எழுதவில்லை, ஆனாலும் ஒரு நாள் கூட மறக்கவில்லை.

அவளே குனிந்து கட்டுகளின் கயிற்றை அவிழ்த்தாள். அவர் உதவிக்கு எழுந்தபோது கையை நீட்டித் தடுத்தாள். அவிழ்க்க அவிழ்க்க, கூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகத் தொண்ணூற்று நான்கு கன்றுகள், சருகான இலையோடு நிமிர்ந்து, அவள் பக்கம் வந்து நின்றன. அவள் ஒன்றின் தண்டில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டிப் பார்த்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

“இதுகளை என்ன பண்ணுவ அம்மிணி?”

“அடுப்பெரிப்பேன். என் அடுப்புல.”

“இந்தப் பாவத்துக்கு…” என்று அவர் ஆரம்பித்தார்.

“உங்க நாப்பதுக்கு நான் இன்னும் ஒண்ணும் சொல்லலீங்கண்ணா. சொல்றதுக்கு வாய்க்கு வந்தா நானே வந்து சொல்றேன். வரலைன்னா வல்லை. நாளைக்கு வேலை இருக்குதுல்லீங்? வருவேன்.”

அவள் முன்னால் நடந்தாள், கன்றுகள் அவள் பின்னால் தெருவில் இறங்கின. பேருந்து கோயில் முக்கில் நின்று வழி விட்டது. மாரக்கா வாசலுக்கு வந்து வாயைத் திறந்தாள், வேலாத்தாவின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ராக்கியண்ணன் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பழைய எண் தெரியும்படியாக ஒற்றைக் கோடு போட்டு ஐந்து வரியையும் அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதினார்: நூற்று எழுபத்தொன்று, நூற்று எண்பது, நூற்று ஐம்பத்தேழு, நூற்று அறுபத்தொன்பது, நூற்று ஐம்பது. அடியில் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்து, அவள் அவிழ்த்துப் போன கட்டுகளை மறுபடி பத்துப் பத்தாகக் கட்டி, களத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு ஒவ்வொரு வேரையும் தொட்டுத் தொட்டு எண்ணினார். ஒன்றாவது குறையாதா என்று திரும்ப எண்ணினார். வெளிச்சம் போவதற்குள் மூன்றாவது முறையும் எண்ணினார். மூன்று முறையும் அவருடையது மூவாயிரத்து நூற்று நாற்பத்தைந்து.